ஆறடி தள்ளி நின்ற நாற்பத்தோரு ஆடுகள்

இப்படி நிழலில் வந்து உட்காருங்க தம்பி. அந்தச் சுவரில் சாயாதீங்க, வெயில் ஏற ஏற முதுகு வெந்துபோகும். பதினோரு மணிக்குத்தான் ஏலம். ஏலத்துக்குத்தானே வந்திருக்கீங்க? இடுப்பில் புடைப்பாக ஒரு முடிச்சு வைத்துக்கொண்டு, பிடிபட்ட ஆடுமாடுகளை அடைக்கிற பவுண்டு வாசலில் வேறு எதற்கு வந்து நிற்கப் போறீங்க?

நானும் ஏலத்துக்குத்தான். உள்ளே அடைந்து கிடக்கிற நாற்பத்தோரு வெள்ளாடும் என்னுடையது. என் ஆட்டை நானே ஏலத்தில் கேட்க வந்திருக்கிறேன். சிரிப்பு வருதா? சிரிங்க. எனக்கே வருகிறது.

சுற்றிப் பாருங்க, கேட்பதற்கு நாம் இரண்டு பேரை விட்டால் ஆள் இல்லை. நீங்க கேட்காமல் இருந்தால் நான் சொன்ன விலைக்கு எனக்கே முடிந்துவிடும். அதற்காகச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத பிள்ளை, ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன். அந்த ஆடுகளை வாங்காதீங்க. கெட்டுப்போன ஆடுகள். நோயா என்று கேட்காதீங்க, நோய் என்றால் மருந்து இருக்கிறது. இது பழக்கம். கதையைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்ங்க.

என் பேர் வெயிலுமுத்து. ஊர் நரிப்பொட்டல், இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். அந்தத் தொற்றுநோய்க் காலத்தில் ஊரடங்கு போட்டார்களே, அப்போது சந்தையை மூடிவிட்டார்கள். சந்தையை மூடலாம், நாக்கை மூட முடியுமா? டவுன்காரன் கறி இல்லாமல் தவித்துப்போய் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். ஒருத்தன் தான் வந்த வண்டியையே கிடாய்க்கு ஈடாக விட்டுவிட்டு, கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனான். நான் பார்த்தேன். எங்கள் ஊர் இருபத்துமூன்று வீட்டில் இருபத்திரண்டு வீடு பட்டியைக் காலி செய்துவிட்டது. குட்டி கூட மிச்சமில்லை.

நான் விற்கவில்லை. விலை இன்னும் ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வியாபாரம் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். என் வீட்டுக்காரி குருவம்மா வேறு மாதிரி சொல்லுவாள். வாங்க வந்த ஆளிடம் ஒவ்வொரு ஆடாகக் காட்டி, "இது மழையில பொறந்தது, இதுக்குத் தாயில்லை, இவ கொஞ்சம் ரோசக்காரி" என்று நான் சொல்லிக்கொண்டே போனேனாம். அந்த ஆள் ஆட்டை வாங்க வந்தானா, பெண் பார்க்க வந்தானா என்று குழம்பிப்போய் வண்டியைத் திருப்பிவிட்டானாம். அவள் பேச்சை விடுங்க. அவளுக்கு வியாபாரம் தெரியாது.

இப்படி இருக்கும்போது அறிவிப்பு வந்தது. சந்தை மூடிக் கிடந்ததால் ஆட்டை விற்க முடியாமல் திண்டாடுகிற ஏழை விவசாயிக்கு சர்க்கார் நிவாரணம். பட்டியில் நிற்கிற ஆடு ஒன்றுக்கு ஐநூறு ரூபாய். ஒரு வீட்டுக்கு ஐம்பது ஆடு வரை. அதிகாரி நேரில் வந்து எண்ணிப் பார்ப்பார்.

அன்றைக்கு எங்கள் ஊரில் கேட்ட ஒப்பாரியை நீங்க கேட்டிருக்கணும். சாவு வீட்டில் கூட அப்படி அழ மாட்டார்கள். விற்ற காசைக் கையில் வைத்துக்கொண்டே, விற்காமல் போனோமே என்று அழுதார்கள்.

மறுநாள் காலையில் சந்தனக்காளை வந்தான். டீக்கடை வைத்திருக்கிறவன். எனக்கு மருமகன் முறை. ஊரில் எந்தத் தில்லுமுல்லு நடந்தாலும் முதல் டீ அவன் கடையில்தான் ஆற்றுவார்கள்.

"மாமா, உங்க ஆட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றான்.

"என்னடா இது, உரலா உலக்கையா, இரவல் கேக்க?"

"ஒரு நாள் மாமா. ஆபீசர் முன் தெருவுல ஜீப்புல வருவாரு. நாம பின்னால கம்மாய்க்கரை வழியா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போவோம். ஒரு வீட்டுல எண்ணி முடிச்சு அவரு கையெழுத்துப் போடுறதுக்குள்ள, அடுத்த வீட்டுப் பட்டியில ஆடு நிக்கும்."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"வீட்டுக்கு வீடு கால் பங்கு."

நான் யோசித்தேன். காசுக்காக இல்லை தம்பி, ஊர் நன்மைக்காக. ஊரே ஒரு ஆளை நம்பி நிற்கும்போது மாட்டேன் என்று சொல்ல மனசு வருமா?

எந்த வீடு முதலில், எந்த வீடு கடைசியில் என்று பேச்சு வந்தது. "உங்க வீட்டுல ஆரம்பிப்போம் மாமா, ஆட்டுக்காரரு நீங்கதானே" என்றான் சந்தனக்காளை. இந்த இடத்தில்தான் நான் பெரிய மனுசனாக நடந்துகொண்டேன். "டேய், பந்தி போடுற வீட்டுக்காரன் முதல் பந்தியில உக்காருவானா? ஊரு சாப்பிடட்டும். என் இலை கடைசியில விழட்டும்" என்றேன். கடைக்கு வெளியே நின்ற பெண்கள் கூடக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறித்த நாளில் அதிகாரி வந்தார். இன்பராஜ் சார் என்று பேர். நல்ல மனுசன், ஆனால் தொற்றுக்குப் பயந்த மனுசன். மூக்குக்கு மேலே ஒரு முகக்கவசம், அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே கண்ணாடித் தகடு. ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, அந்தச் சந்து வழியாகத்தான் நரிப்பொட்டலைப் பார்த்தார். முதல் வீட்டில் ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னங்க இது, இடைவெளி விட்டு நிறுத்துங்க. ஆறடி!"

"சார், அது ஆடு."

"ஆடா இருந்தா என்ன? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

என் மூளை எப்போதுமே கொஞ்சம் வேகமாக ஓடும். ஆறடிக்கு ஒரு கை கடலைப் புண்ணாக்கை வைத்தேன். ஜீப்காரன் ஆரன் அடித்தான். நாற்பத்தோரு ஆடும் ஓடிப்போய் ஆளுக்கொரு குவியலில் வாய் வைத்து, அசையாமல் நின்றன. பட்டி பத்தாமல் தெரு வரை நின்றன. இன்பராஜ் சார் ஒன்று, இரண்டு என்று எண்ணி, படம் பிடித்து, எழுதிக்கொண்டார். "இப்படி ஒழுங்கா ஆடு வளர்க்கிற ஊரை நான் பார்த்ததே இல்லை" என்றார்.

மூன்றாவது வீட்டில் புண்ணாக்கு வைக்கும் முன்பே, ஆரன் சத்தம் கேட்டதும், ஆறடி ஆறடியாகப் போய் நின்றுவிட்டன. ஏழாவது வீட்டில் நான் ஓட்டவே இல்லை. தாசில்தார் முன்னால் போனான், மற்றவர்கள் பின்னால் போனார்கள். தாசில்தார் என்றால் பயந்துவிடாதீங்க, எங்கள் முன்னத்திக் கிடாய்க்கு அதுதான் பேர். கையில் ஏதாவது காட்டினால்தான் எட்டு எடுத்து வைப்பான்.

ஆடு கிடைத்துவிட்டது, ஆளுக்கு எங்கே போவது? மூன்று வீட்டு ஆண்கள் ஊரடங்கில் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்களும் அவர்களோடுதான். அந்த மூன்று வீட்டு வாசலிலும் குருவம்மாவே சேலையை மாற்றி மாற்றிக் கட்டி நின்றாள். முகக்கவசம் இருக்கிறதே, யாருக்குத் தெரியும்? மூன்றாவது வாசலில் சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா, உங்களை முந்தின வீட்டுல பார்த்த மாதிரி இருக்கே?"

"அது எங்க அக்கா சார்."

"அதுக்கு முந்தின வீட்டுல?"

"அது எங்க அம்மா."

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு மாதிரி தெரிஞ்சுதே?"

"சின்ன வயசுலயே கட்டிக் குடுத்துட்டாங்க சார்."

சார் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பாவம், கண்ணாடித் தகட்டில் அவர் மூச்சே பனியாகப் படிந்திருந்தது.

இப்படி இருபத்தோரு வீடு முடிந்தது. இருபத்திரண்டாவது சந்தனக்காளை வீடு. அவன் தன் பங்குக்குப் புண்ணாக்கோடு நிறுத்தாமல், கடையில் மிஞ்சிய வடை, பஜ்ஜி, ஊறின கொண்டைக்கடலை என்று படைத்துவிட்டான். காலையிலிருந்து இருபத்திரண்டு விருந்து. சார் எண்ணி முடித்தார், ஜீப் நகர்ந்தது, நான் கம்மாய்க்கரைப் பக்கம் நின்று குரல் கொடுத்தேன். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. படுத்துவிட்டார்கள். தாசில்தாரைக் கொம்பைப் பிடித்து இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டான். குருவம்மா ஒரு குட்டியைத் தூக்கப் பார்த்தாள், அது அம்மிக்கல் கனம் கனத்தது.

நான் ஓடி வந்தபோது ஜீப் என் வீட்டு வாசலில் நின்றது. பட்டியில் ஒரு கோழி மட்டும் இருந்தது.

"பெரியவரே, ஆடு எங்க?"

"வந்துரும் சார், இப்ப வந்துரும்."

"எங்க இருந்து?"

எங்கே இருந்து என்று சொல்வது? அறுபத்தேழு வயசில் அன்றைக்குத்தான் எனக்குப் பொய் கைகொடுக்கவில்லை.

இன்பராஜ் சார் கண்ணாடியை இன்னும் இரண்டு விரல் இறக்கினார். உண்மையாகவே வருத்தப்பட்டார் தம்பி. "பெரியவரே, இந்த ஊர்ல ஆடு இல்லாத வீடு உங்க வீடு ஒண்ணுதான். ஊரே வளர்க்குது. பார்த்தாவது நீங்களும் ரெண்டு குட்டி வாங்கி வளர்க்கக் கூடாதா?" என்றார். 'ஆடு இல்லை' என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் ஊரெல்லாம் நிவாரணம் வந்தது. என்னைத் தவிர. கால் பங்கு கேட்டுப் போனேன். பாதிப் பேர் கொடுத்தார்கள், மீதிப் பேர் நாளைக்கு என்றார்கள். அதை விடுங்க. எனக்குக் காசு பெரிசில்லை. ஆனால் ஆடு இல்லாதவன் என்று எழுதிவிட்டார்களே, அதை எப்படிப் பொறுப்பது? எங்கள் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து ஆட்டுக்கார வீடு என்றுதான் எங்களுக்குப் பேர். மனு எழுதினேன். என் பட்டியில் நாற்பத்தோரு ஆடு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று எழுதினேன். குருவம்மா வேண்டாம் என்றாள். எனக்கு நியாயம் பெரிசு.

இன்பராஜ் சார் வந்தார். இந்தத் தடவை ஜீப்பை விட்டு இறங்கினார், ஒரு முகக்கவசம்தான். ஆடுகளைப் பார்த்தார். தாசில்தாரைப் பார்த்தார். பையிலிருந்து படங்களை எடுத்தார். இருபத்திரண்டு படம். இருபத்திரண்டிலும் தாசில்தார் இடது ஓரத்தில் நிற்கிறான், உடைந்த கொம்போடு.

"இது யார் ஆடு?" என்றார்.

"என் ஆடு" என்றேன் நான்.

"என் ஆடு சார்" என்றான் சந்தனக்காளை.

பின்னாலேயே இருபத்தோரு குரல். இல்லை என்று சொன்னால் வாங்கின நிவாரணத்தைத் திருப்பிக் கட்டணும், போலீசு வேறு. நான் சந்தனக்காளையைத் தனியாக இழுத்து, "என்னடா இது அநியாயம்?" என்றேன். "மாமா, உங்களுதுன்னு சொன்னா ஊரே கம்பி எண்ணணும். நீங்கதானே ஊருக்காகன்னு சொன்னீங்க? இன்னும் கொஞ்சம் ஊருக்காக இருங்க" என்றான். கேட்டீங்களா பேச்சை!

சார் படித்தவர். ஒரு வழி சொன்னார். வற்றிக் கிடக்கிற கம்மாய் நடுவில் ஆடுகளை விடுவது. இருபத்துமூன்று பேரும் சுற்றிக் கரையில் நிற்பது. ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவது. ஆடு யாரிடம் போகிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் குரலுக்கு வராத ஆடா? ஒரு தடவை நான் கொட்டாவி விட்டதற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி மேய்ந்த மந்தை ஓடிவந்திருக்கிறது. சந்தனக்காளை கூப்பிட்டான், ஒரு காது கூட ஆடவில்லை. இருபத்திரண்டு பேரும் கத்தி ஓய்ந்தார்கள். கடைசியாக நான். அன்றைக்கும் கடைசிதான். வாயைக் குவித்து, "ஏ... பா... பா... பா..." என்று குரல் விட்டேன். தாசில்தார் தலையைத் தூக்கினான். என் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். சத்தியமாக வைத்தான். குருவம்மாவும் பார்த்தாள்.

அப்போது பார்த்து, ஜீப்பை நிழலில் நிறுத்தலாம் என்று நினைத்த டிரைவர், பின்னால் நின்ற கூட்டத்தை விலக்க ஆரன் அடித்தான்.

அவ்வளவுதான். நாற்பத்தோரு ஆடும் புழுதி பறக்க ஓடி, ஜீப்பைச் சுற்றி ஆறடிக்கு ஒருத்தராக நின்று, கழுத்தை நீட்டிக்கொண்டு இன்பராஜ் சாரையே பார்த்தார்கள். புண்ணாக்கு வரும் என்ற நம்பிக்கை. சாருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஊரே அவரைப் பார்த்தது. "என்ன சார், இருபத்துநாலாவது ஆளா நீங்களும் வர்றீங்களா?" என்று எவனோ கேட்டுவிட்டான். அவர் முகம் சிவந்து, 'சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை' என்று எழுதினார். பவுண்டில் அடைத்து ஏலம் விடச் சொல்லிவிட்டார்.

பிடித்துக் கட்டி ஏற்ற லாரி வந்தது. தேவைப்படவில்லை. ஜீப் முன்னால் போக, பதினோரு கிலோமீட்டரும் அவர்களாகவே நடந்தார்கள், ஆறடி இடைவெளியில். எதிரே வந்த பஸ்காரன் ஏதோ தலைவர் இறுதி ஊர்வலம் என்று நினைத்து வண்டியை நிறுத்தி எழுந்து நின்றான். நான் பின்னால் நடந்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது சொல்லுங்க தம்பி, இந்த ஆடுகள் உங்களுக்கு எதற்கு? கறிக்கும் ஆகாது, ஒன்றைப் பிரித்தால் மற்ற நாற்பதும் ஆறடி தள்ளி நின்று முறைக்கும். இலை தழை போட்டால் தின்னாது, யாராவது ஒன்று இரண்டு என்று எண்ணினால்தான் தின்னும். இங்கே இருக்கிற காவல்காரர் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எண்ணி எண்ணித் தொண்டை கட்டிப் படுத்திருக்கிறார். குட்டி தாயிடம் ஆறடி தள்ளி நின்று பால் குடிக்கிறது. எப்படி என்று கேட்காதீங்க. ஆரன் அடித்தால் போதும், எந்த ஊர், எந்தப் பட்டி என்று பார்க்காது, வரிசையில் போய் நின்றுவிடும். இருபத்திரண்டு வீட்டுக்கு ஓட்டினேனே, ஒரு வீட்டில் கூட ஒரு ஆடு கத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட புத்தி. தமிழ்நாட்டிலேயே சர்க்கார் கணக்கெடுப்புக்குத் தேறின மந்தை இது ஒன்றுதான்...

என்ன தம்பி, எழுந்துட்டீங்க?

எந்த ஊர் என்று சொன்னீங்க? ... சரி. உங்க ஊரிலும் ஆடெல்லாம் வித்தாச்சா? ... விட்டுப்போன ஊருக்கு இரண்டாவது தடவை நிவாரணமா? எப்போது எண்ண வருகிறார்கள்? ... வருகிற செவ்வாய்க்கிழமையா?

தம்பி, நில்லுங்க. நான் சொன்னது அத்தனையும் புளுகு. குருவம்மாவைக் கேளுங்க, கலியாணம் பேச வந்த அன்றைக்கே மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது என்று சொன்னவன் நான். ஆடு எங்கேயாவது ஆறடி தள்ளி நிற்குமா? சாதாரண ஆடு தம்பி. மக்கு ஆடு. தன் பட்டிக்கே வழி தெரியாது.

இதோ கதவைத் திறந்துவிட்டார்கள். வாங்க சார். ஆமாம் சார், ரெண்டு பேர்தான். மொத்தமாகத்தானே சார்? என் கேள்வி நாற்பதாயிரம். ... ஐம்பதா? தம்பி, கையை இறக்குங்க. ஐம்பத்தைந்து சார். ... அறுபத்தைந்து! இங்கே பாருங்க சார், எழுபத்திரண்டாயிரம். இந்த முடிச்சு மொத்தமும். எண்ண வேண்டாம் சார், குருவம்மா காதுத் தோட்டை விற்ற காசையும் சேர்த்துத்தான் இருக்கிறது.

ஒரு தரம். சொல்லுங்க சார், சொல்லுங்க, நிறுத்தாதீங்க. ரெண்டு தரம்.

எண்பதா?

எண்பது.

சரி சார். என்னிடம் இல்லை சார். எழுதிக்குங்க.

... எடுத்துக்குங்க தம்பி. கோபமா? எனக்கு என்ன கோபம். ஆனால் ஒன்று கேட்கிறேன். மந்தை எடுத்தீங்களே, மேய்க்க ஆள் எடுத்தீங்களா? அந்த ரோசக்காரிக்கு வெயிலில் தலை சுற்றும், நிழல் பார்த்துக் கட்டணும். தாயில்லாத குட்டியைத் தனியாக விடக் கூடாது. உங்க ஊரில் யாருக்குத் தெரியும் இதெல்லாம்? நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். கால் பங்கும் வேண்டாம். குருவம்மா மூன்று சேலையோடு வருவாள், உங்களுக்கு உதவியாக இருக்கும். ஊர் எல்லையில் ஒரு ஓலைக் குடிசை போட்டுக் கொடுங்க, கதவில் என் பேரை எழுதிவிடுங்க. செவ்வாய்க்கிழமை ஜீப் வரும்போது முதல் வீடாக அந்தக் குடிசையைக் காட்டுங்க. 'வெயிலுமுத்து, நாற்பத்தோரு ஆடு' என்று அந்த மனுசன் எழுதட்டும். அப்புறம் உங்க ஊர் முழுக்கவும் ஓட்டிக்குங்க, நானே ஓட்டித் தருகிறேன்.

முதல் இலை மட்டும் எனக்குப் போடுங்க தம்பி.